நான்தான், தெரியேல்லையா?

போன கிழமையும் ஒருவன் ரெலிபோன் எடுத்தான். என்னுடைய வங்கி அட்டை முடங்கப் போகிறதாம். கைத்தொலைபேசிக்கு வந்திருக்கிற ஆறு இலக்கத்தைச் சொன்னால் உடனே சரிப்படுத்தித் தருவானாம். மீன் குழம்பு கொதிக்கிற நேரம். அடுப்பைக் குறைத்துவிட்டு, குசினிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தேன். இப்படியான அழைப்பு வந்தால் எனக்கு ஒரு ஆசை, என்ன செய்ய.

"எந்த வங்கி, தம்பி?"

"உங்கட வங்கிதான், மேடம்."

"என்ர வங்கி எது?"

"மேடம் எந்த வங்கியில கணக்கு வைச்சிருக்கிறீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபத்தோடு வைத்துவிட்டான். பெறாமகள் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தி, இவங்களோட கதைக்கக் கூடாது. உடன வைக்கவேணும். இமெயிலில வாற லிங்கையும் அமத்தக் கூடாது. எத்தினை தரம் சொல்லுறது?" அவள் சொல்வது சரிதான். ஆனால் உடனே வைத்துவிட்டால், இவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? அவன் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என் வாயால்தான் சொல்ல வைக்கப் பார்த்தான். அந்த ஆட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்துமூன்று வயதில் அதில் ஒருதரம் தோற்றிருக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. திருகோணமலையில் மூதூர் லோஞ்ச் வந்து சேரும் இறங்குதுறைக்குப் போகிற தெருவில் ஒரு கொமினிகேஷன் இருந்தது. வீடுகளில் ரெலிபோன் இல்லாத காலம். வெளிநாட்டுக்குப் போனவர்களோடு கதைக்க வேண்டுமென்றால் சனம் அங்கேதான் வரவேண்டும். ஒரு மேசை, ஒரு பலகைக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு ரெலிபோன், மேசையில் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே லைன். மேசையில் நான்.

வெளியே இருந்து அழைப்பு வந்தால் முதலில் நான்தான் எடுப்பேன். ஆருக்கு என்று கேட்டு, அந்த ஆளைக் கூப்பிட்டு அனுப்பி, அவர் கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்ததும் நான் என்னுடையதை வைக்கவேண்டும். வைக்கவேண்டும் என்பதுதான் விதி. நான் எல்லா நேரமும் வைக்கவில்லை. இதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அப்போதும் பெரிதாக இருக்கவில்லை. கனடாவில் பனி எப்படி இருக்கும், சுவிஸில் என்ன சமைக்கிறார்கள், லண்டனில் எந்த மச்சானோடு எந்த மச்சான் கதைக்கிறதில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. முதலாளி கிண்ணியாக்காரர், நல்ல மனிதர். என் காதில் ரிசீவரைக் கண்டால், "புள்ள, அந்தக் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு" என்று மட்டும் சொல்வார்.

மேசையில் ஒரு கொப்பி இருந்தது. எத்தனை மணிக்கு வந்தது, ஆருக்கு, எடுத்தது ஆர் என்று மூன்று கோடு போட்டு எழுதுவேன். எழுதி முடிந்த பழைய தாள்களைத் தெருவில் திரிகிற மான்கள் தின்னும். அரசாங்கக் கச்சேரிப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் கலைமான் நேரம் பார்த்து வரும். அதற்கு என் கையெழுத்து நல்ல விருப்பம்.

அந்தக் கொப்பியில்தான் நான் முதல்முதலாக ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். 'எடுத்தது ஆர்' என்ற கோட்டுக்குக் கீழே அரைவாசி இடத்தில் 'நான்தான்' என்று எழுதியிருந்தேன்.

எங்கள் ஆட்கள் ரெலிபோனில் பெயர் சொல்வதில்லை. "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்று கேட்டால், "நான்தான்" என்பார்கள். "எந்த நான்?" என்றால், "என்ன, என்ர குரல் தெரியேல்லையா?" என்று உடனே ஒரு முறைப்பாடு. சொந்தக்காரனின் குரல் தெரியவில்லை என்று சொல்வதைப் போல மரியாதைக்கேடு வேறு கிடையாது. அதனால் கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தரப்பட்டு, தனக்குத் தெரிந்த ஆட்களை எல்லாம் நினைவில் ஓடவிட்டு, "சின்னத்தம்பியே? அட, நீயே!" என்று ஒரு பெயரை எடுத்துக் கொடுப்பார். மறுமுனையில் இருப்பவர் "ஓம், ஓம்" என்றால் சரி. வெளிநாட்டு லைனில் எல்லாக் குரலும் பீப்பாய்க்குள் இருந்து வருகிற மாதிரித்தான் கேட்கும். எனவே ஆருடைய குரலும் ஆருக்கும் தெரிவதில்லை, தெரியவில்லை என்று ஒருவரும் சொல்வதுமில்லை.

இதை நான் ஒரு பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஒழுங்கையில் இருந்த பென்ஷன் எடுத்த கிளாக்கர் ஒருவருக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான் பகிடி போனது.

அவருக்கு ஒரு நாள் கொழும்பிலிருந்து அழைப்பு. "மாமா, நான்தான்." அவர் தன் மருமகனின் பெயரைச் சொல்லியிருக்கிறார். "ஓம் மாமா, என்ர பேத் செட்டிபிக்கற் அவசரமாத் தேவை. வெளியில போற அலுவல். நம்பிக்கையான ஒரு ஆள் வருவார், குடுத்து விடுங்கோ." நாற்பது வருடம் கந்தோரில் மற்றவர்களின் கையெழுத்தைச் சரிபார்த்த மனிதர், ஒரு குரலைச் சரிபார்க்காமல் அசல் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து உண்மையான மருமகன் பாஸ்போட் எடுக்கப் போனான். அவனுடைய பெயரில் ஏற்கெனவே ஒருவன் பாஸ்போட் எடுத்து விமானம் ஏறிவிட்டான் என்றார்கள். அதோடு விட்டார்களா? நீ ஆர், இந்தப் பெயரை ஏன் சொல்கிறாய் என்று இவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னதற்காகப் பதினொரு நாள் இருந்துவிட்டு வந்தான்.

அந்தக் காலத்தில் ஒரு பத்திரத்துக்கு இருந்த மதிப்பு இப்போது சொன்னால் விளங்காது. வெளியே போக வழியில்லாத பெடியனுக்கு வேறொருவனின் பிறப்புப் பத்திரம் ஒரு கதவு. அதைத் தேடிக் கொடுக்க ஏஜென்சிக்காரர்களிடம் ஆட்கள் இருந்தார்கள். எப்படித் தேடினார்கள் என்பதைத்தான் நான் அறிய ஆசைப்பட்டேன். இறங்குதுறைத் தெருவில் ஒரு கொமினிகேஷன் இருப்பதும், இன்னாருடைய பிள்ளையிடமிருந்து தகவல் இல்லை என்பதும் கொழும்பில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஆர் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நான் சந்தேகத்தோடு பார்த்தேன். மானை மட்டும்தான் விட்டுவைத்தேன்.

உப்புவெளியில் ஒரு தையல்கார அக்கா இருந்தார். வெருகல் பக்கத்துக்காரர், இடம்பெயர்ந்து வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னுடைய சட்டையெல்லாம் அவர் தைத்ததுதான். ஊர் முழுக்க அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடும், கிழவர்கள் உட்பட. கைக்குழந்தையோடு தாலி அறுத்தவர். ஒரே மகன். இருபது வயதில், இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து, ஒரு ஏஜென்சியைப் பிடித்துக் கொழும்புக்குப் போனான். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது: 'இந்தக் கிழமை பிளேன் ஏத்துவினமாம்.' அதற்குப் பிறகு பதினொரு மாதம் ஒரு சொல் இல்லை. அக்கா ஒவ்வொரு புதன்கிழமையும் சைக்கிளில் வந்து கூண்டுக்குப் பக்கத்து மர வாங்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். "எனக்கு ஒண்டும் வரேல்லையே, பிள்ளை?" என்பார். "இல்லை அக்கா." "சரி, வந்தாக் கூப்பிடும்." அவ்வளவுதான். அழமாட்டார். எனக்குத்தான் அந்தப் புதன்கிழமைகள் பிடிக்காது.

ஒரு திங்கட்கிழமை அந்த அழைப்பு வந்தது. ஆண் குரல், இளம் குரல். "உப்புவெளித் தையல்கார அம்மாவைக் கூப்பிடுவீங்களோ? அவவின்ர மகன் கதைக்கிறன்." நான் துள்ளி எழுந்தேன். முதலாளி தன் மோட்டார்சைக்கிளில் தானே போய் அக்காவை ஏற்றி வந்தார். கையில் ஊசி நூலோடு வந்து இறங்கினார் அக்கா. அரை மணித்தியாலம் கழித்து அவன் திரும்ப எடுத்தான். நான் என் ரிசீவரை வைக்கவில்லை. வைத்திருப்பேன் என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்களுக்கு என்னைத் தெரியாது.

"அம்மா, நான்தான்."

"ஐயோ, என்ர மனே!" என்றார் அக்கா.

"அம்மா, கனநேரம் கதைக்க ஏலாது. நான் சுகமா இருக்கிறன். கொண்டு போன பேப்பரெல்லாம் துலைஞ்சு போச்சு. வீட்டில இருக்கிற ஒறிஜினல் பேத் செட்டிபிக்கற்றை எடுத்து வையுங்கோ. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எடுப்பன். ஆரிட்டக் குடுக்கிறது எண்டு அப்ப சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ, அம்மா."

அக்கா கூண்டை விட்டு வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்பும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா எண்டு கூப்பிட்டான், பிள்ளை. அம்மா எண்டு கூப்பிட்டான்" என்றார். முதலாளி எல்லோருக்கும் தேத்தண்ணி எடுப்பித்தார். தேத்தண்ணி குடித்து முடிகிற வரைக்கும் எனக்கும் சந்தோசம்தான். பிறகு கிளாக்கர் நினைவுக்கு வந்தார்.

அக்கா போன பிறகு கொப்பியை எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தேன். நாலு நாளுக்கு முன்னால், வியாழக்கிழமை, பதினொன்றரை மணி: 'ஆருக்கு' என்ற இடம் வெறுமை. 'ஆர்' என்ற இடமும் வெறுமை. அந்த அழைப்பு முழுதாக நினைவுக்கு வந்தது.

அன்று அந்தக் குரல் கேட்டது: "தங்கச்சி, ஒரு பெடியன் ஒரு செய்தி தந்து விட்டவன். திருகோணமலையில தாய் இருக்கிறாவாம். பேரை எழுதின துண்டைத் துலைச்சிட்டன். கனகாலமாப் பிள்ளையின்ர கோலுக்குக் காத்துக்கொண்டிருக்கிற மனிசி எண்டு சொன்னவன். என்ன இடம் எண்டும் சொன்னவன், வாயில நிக்குது, வருகுதில்ல..."

"உப்புவெளியோ?" என்றேன் நான்.

"ஓம் ஓம், உப்புவெளி."

"தையல் தைக்கிற அக்காவோ?"

"ஓம், அவதான்! தங்கச்சி, நீங்கள் நல்லா இருக்கவேணும்."

அப்படியே லைன் அறுந்தது. அறுந்ததென்று நான் நினைத்தேன்.

ஒரு மனிதர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பதுதான் எங்களுடைய வழக்கம். பஸ்ஸிலும் கடையிலும் கோயிலிலும் அதைத்தானே செய்கிறோம். கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் மண்டைக்கனம் பிடித்தவள் என்பார்கள். அவன் இரண்டு இடத்தில் இடைவெளி விட்டான், இரண்டையும் நான் நிரப்பினேன். ஆர் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சந்தேகப்பட்ட மகாராணி நானேதான். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் கொப்பியைத் தூக்கி எறிந்தேன். முதலாளி அதைப் பொறுக்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன். வழியில் இராணுவச் சென்றியில் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், அங்கே ஆர் என்று கேட்டார்கள். அக்கா மிசினில் இருந்தார். பக்கத்தில் ஒரு கடித உறை. அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். மகனின் பிறப்பைப் பதிந்த கந்தோர் ஆறு வருடத்துக்கு முன்னால் எரிந்து போனது, புத்தகங்களோடு. அந்த உறைக்குள் இருந்த ஒற்றைத் தாளை விட்டால், அப்படி ஒரு பிள்ளை பிறந்தான் என்று சொல்ல உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

"அக்கா, அது உங்கட மகன்தானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. அவன்ர பேரை நீங்கள் சொல்லாதைங்கோ. அவன் சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில ஆர் படிப்பிச்சது, வீட்டு நாய்க்கு என்ன பேர், எந்தக் காலில வெட்டுக்காயம், ஏதாவது ஒண்டைக் கேளுங்கோ."

அக்கா மிசினை நிறுத்தாமல் சொன்னார்: "இப்ப வரேக்க சென்றியில உம்மை என்ன கேட்டவங்கள்?"

"ஆர், எங்க போறாய் எண்டு."

"உமக்கு எப்பிடி இருந்தது?"

நான் அந்த உறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதினொரு மாசத்துக்குப் பிறகு கதைக்கிற பிள்ளையை, நீ ஆர் எண்டு நானும் கேக்கிறதோ? பெத்தவள் சென்றி போட்டுக்கொண்டு நிக்கிறதோ?"

"அப்ப கொண்டுபோய்க் குடுங்கோ!" என்று கத்திவிட்டேன். "நாளைக்கு உண்மையான பிள்ளை வந்து நிண்டால் அவனைக் கள்ளன் எண்டு பிடிப்பாங்கள். அப்ப தெரியும்."

மிசின் நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. "உம்மட சட்டைக்குக் கை இன்னும் வைக்கேல்ல. சனிக்கிழமை வாரும்" என்றார். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பினேன். அவரைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்தேன். புத்திமதி சொல்வது சுகம், குற்றத்தை ஒப்புக்கொள்வதுதானே கஷ்டம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே அக்கா வந்துவிட்டார். நல்ல சீலை. மடியில் அந்த உறை, ஒரு பொலித்தீன் பையில் சுற்றியபடி. இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. இனி விட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்து, வாங்கில் பக்கத்தில் போய் இருந்து எல்லாவற்றையும் கொட்டினேன். வியாழக்கிழமை, உப்புவெளியோ, தையல்கார அக்காவோ, எல்லாம். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பலகைக் கூண்டைப் பார்த்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"நீர் நல்லது நினைச்சுத்தானே சொன்னனீர்" என்றார் கடைசியில். "கோல் வரட்டும். இண்டைக்கு நீரும் கேளும். களவாக் கேக்கத் தேவையில்ல."

அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது.

பத்து மணிக்குச் சரியாக ரெலிபோன் அடித்தது. அக்கா கூண்டுக்குள் போனார். நான் மேசையில் ரிசீவரைக் காதில் வைத்தபடி கூண்டுக் கதவின் கண்ணாடித் துண்டு வழியாக அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான்தான்."

"சொல்லு மனே. சாப்பிட்டியே?"

அவன் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஓம்... ஓம் அம்மா."

"என்ன சாப்பிட்டனீ?"

"பாணும் பருப்பும்."

"ஒவ்வொரு நாளும் அதுவே? சோறு கிடைக்காதே அங்க?"

"ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அம்மா, பேப்பரைக் கொண்டு வந்தனீங்களோ?"

"கொண்டு வந்தனான். கையில இருக்கு. மனே, நீ என்னை எப்பவும் கூப்பிடுறமாதிரி ஒருக்காக் கூப்பிடு."

மறுமுனையில் ஒரு இடைவெளி. இந்த முறை அதை நிரப்ப ஒருவரும் வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா" என்றான்.

"ம். இன்னொருக்கா."

"அம்மா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சிரித்த மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. "சரி மனே. கவனமா இரு. சோத்தைத் தின்னு" என்று சொல்லி, ரிசீவரை மெல்ல வைத்தார். அவன் ஆரிடம் கொடுப்பது என்று சொல்லவே இல்லை. உறை அக்காவின் கையிலேயே இருந்தது.

வெளியே வந்து வாங்கில் இருந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, ஏதோ சட்டை அளவு சொல்கிற குரலில் சொன்னார்:

"என்ர மகன் ஒருநாளும் என்னை அம்மா எண்டு கூப்பிட்டதில்ல."

எனக்கு விளங்கவில்லை.

"மனிசன் செத்த பிறகு நான் தாய் வீட்டுக்குத்தான் போனனான். அங்க என்ர தம்பிமார் மூண்டு பேர். நாள் முழுக்க அக்கா, அக்கா. இவனுக்குக் கதை வரேக்க இவனும் அக்கா எண்டான். எல்லாரும் சிரிச்சம். பிறகு மாத்துவம் எண்டு பாத்தன், பள்ளிக்கூடம் போற வயசில. வெக்கப்பட்டு ஓடிப்போவான். இருபது வயசிலயும் பஸ் ஏறேக்க, 'அக்கா, போட்டு வாறன்' எண்டுதான் சொன்னவன்."

"அப்ப திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியுமோ?"

"திங்கக்கிழமை தெரியேல்ல. சந்தோசத்தில ஒண்டும் பிடிபடேல்ல. தூரத்துக்குப் போனாப்போல தாயின்ர அருமை தெரிஞ்சு மாறிட்டான் எண்டு நினைச்சன். அண்டு பின்னேரம் மிசினில இருக்கேக்கதான் பிடிபட்டது."

அப்படியென்றால், புதன்கிழமை நான் கத்திவிட்டு வந்தபோது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நல்ல சீலை உடுத்தியபோதும் தெரியும். "தெரிஞ்சுகொண்டு ஏன் பேப்பரையும் கொண்டு வந்தனீங்கள்?"

"அவனும் ஒரு தாயின்ர பிள்ளைக்காகத்தானே கேக்கிறான். ஆரோ ஒரு பெடியன் இதில ஏறித் தப்பினாத் தப்பட்டும் எண்டு ஒரு மனம். என்ர பிள்ளை வந்து நிக்கேக்க அவனை ஆர் எண்டு கேப்பாங்கள் எண்டு மற்ற மனம். கூண்டுக்குள்ள போற வரைக்கும் எனக்கே தெரியாது, பிள்ளை." உறையை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்தபடி, "மற்றது, அந்தச் சொல்லை இன்னொருக்காக் கேக்கவேணும்போல இருந்தது" என்றார். எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வாங்கிலேயே இருந்தேன். முதலாளி வந்து அடித்துக்கொண்டிருந்த ரெலிபோனைத் தானே எடுத்தார்.

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம் போட்டேன். எடுப்பவர் தன் பெயரையும், கேட்கிற ஆளின் பெயரையும் தானே சொல்லவேண்டும். தடுமாறினால் தடுமாறட்டும், நான் ஒரு எழுத்தும் எடுத்துக் கொடுக்கமாட்டேன். மண்டைக்கனம் பிடித்தவள் என்று சனம் சொன்னது. சொல்லட்டும். பத்திரம் கொடுக்கப் போகிற ஒவ்வொரு தாய்க்கும், பிள்ளை உங்களை என்னவென்று கூப்பிடுவான் என்று முதலில் நினைத்துப் பாருங்கள் என்றேன். இன்றைக்கு என் பெறாமகள் சொல்கிற பாடங்கள் எல்லாம் எனக்கு அந்த வாங்கில் வந்தவைதான்.

மூன்று கிழமை கழித்து அந்தக் கள்ளக் குரல்காரன் திரும்ப எடுத்தான். கடையில் நான் மட்டும் இருந்தேன். "அந்தத் தையல்கார அம்மாவை ஒருக்கா..." என்றதும் குரலை அடையாளம் கண்டுவிட்டேன். வாயில் வந்தபடி ஏசினேன், இங்கே எழுத ஏலாது. அவன் வைக்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக நான் நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்து என் பாழாய்ப்போன ஆர்வம் தலையைத் தூக்கியது.

"ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லும். ஆற்ற பேரும் தெரியாமல் எப்பிடி எடுக்கிறனீங்கள்?"

"பேர் எங்களுக்கு என்னத்துக்கு, அக்கா" என்றான் அவன், ஏதோ கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி. "நான்தான் எண்டால் போதும். மிச்சத்தை அவையளே சொல்லுவினம். நீங்களும் சொன்னனீங்கள்தானே."

நான் கொப்பியை மூடினேன்.

"இது பேப்பருக்கு இல்ல" என்றான் பிறகு. "அந்த அம்மா சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. இஞ்ச அப்பிடிக் கேக்க ஒருத்தரும் இல்ல. ரெண்டு கதை கதைச்சிட்டு வைக்கிறன். கூப்பிடுங்கோ."

அது உண்மையா, இல்லை இன்னொரு தூண்டிலா? அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. ஏமாற்றுகிறவனின் குரலும் தனித்துப்போனவனின் குரலும் அந்த லைனில் ஒரே மாதிரித்தான் கேட்டன. ரிசீவரை வைத்துவிட்டேன். கொப்பியில் அதை எழுதவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை வந்து வாங்கில் இருந்து, "எனக்கு ஒண்டும் வரேல்லையே, பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை அக்கா" என்றேன். அன்றுதான் முதல்முறையாக அவரிடம் பொய் சொன்னேன்.

மகன் இன்றுவரை எடுக்கவில்லை. காணாமல் போனவர்களுக்கான விசாரணை என்று எங்கே கூப்பிட்டாலும் அக்கா அந்த உறையைக் கொண்டுபோவார். தாள் மடிப்பில் கிழிந்து, ஒட்டி, பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறார். இப்போது குச்சவெளியில் தம்பி வீட்டோடு இருக்கிறார். கண் சரியில்லை, தைப்பதில்லை. கைத்தொலைபேசி இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுப்பார்.

"நான்தான்" என்பார்.

"எந்த நான்?" என்பேன். இருவரும் சிரிப்போம். பெயரைச் சொல்லச் சொல்லி நான் வற்புறுத்தாத ஒரே ஆள் அவர்தான். ஆஸ்பத்திரி, மீன் விலை, தம்பி பெண்சாதி என்று கதை போகும். வைக்கிற நேரத்தில், ஒவ்வொரு முறையும், குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"அவன் பிறகு எடுக்கேல்லையே, பிள்ளை?"

"இல்லை அக்கா" என்பேன். எடுக்கிற எல்லோரிடமும் ஆர், ஆர் என்று கேட்கிற நான், அந்த 'அவன்' எவன் என்று அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.